ஓமமா, அசமோதமா?

தமிழ்நாட்டை விட்டு வேற்று மாநிலங்களில் குடியேறி வாழும் நம்மவர்க்கு மொழியால் நேரும் இடர்கள் பல. அவற்றுள் மிகச் சிறியதாகத் தோன்றுவதும், ஆயினும் நாள்தோறும் எதிர்ப்படுவதும் ஒன்று உண்டு. அது மளிகைக் கடையில் பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்குவது. அரிசியையும் பருப்பையும் கையால் சுட்டிக்காட்டி வாங்கிவிடலாம். டப்பாக்களிலும் பொட்டலங்களிலும் இருக்கும் சிறு விதைகளை அவ்வாறு வாங்குதல் எளிதன்று. அவற்றுட் பல ஒரே நிறம், ஒரே அளவு, ஏறக்குறைய ஒரே மணம். அங்கே நமக்குத் துணையாவது பெயர் ஒன்றே. அப்பெயரே நம்மைக் கைவிட்டால் என் செய்வது?

திருவனந்தபுரத்தில் இவ்விடர் சற்று நுட்பமாகவே வருகிறது. டில்லியிலோ கொல்கத்தாவிலோ வாழும் தமிழர், அங்குள்ள மொழி முற்றிலும் வேறானது என்பதால் ஒவ்வொரு சொல்லையும் எச்சரிக்கையோடு கேட்டறிவார். இங்கோ மொழி நம் மொழிக்கு உடன்பிறந்தது. மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், சுக்கு, திப்பிலி எல்லாம் செவிக்குப் பழகிய ஒலியிலேயே வழங்குகின்றன. கரமனையிலும் வலியசாலையிலும் கோட்டைக்குள்ளும் பல தலைமுறைகளாகத் தமிழ் பேசும் குடும்பங்கள் இருக்கின்றன. திருவிதாங்கூர்த் திவானாக இருந்த இராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏற்படுத்திய சாலைக் கடைத்தெருவில் (உள்ளூரார் இதனைச் சாலைக் கம்போளம் என்பர்) தமிழ் தெரியாத மளிகை வணிகரைக் காண்பது அரிது. ஆகவே பெயர்களை நாம் நம்பிவிடுகிறோம். ஒத்த ஒலியுடைய சொல் ஒத்த பொருளையே குறிக்கும் என்று எண்ணிவிடுகிறோம்.

மருத்துவக் குறிப்பு எதிலாவது ‘அஜமோதா’ அல்லது ‘அசமோதம்’ என்று படித்துவிட்டு ஒருவர் சாலைக்குச் செல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அகராதியைப் புரட்டினால் அச்சொல்லுக்குக் ‘காட்டுச் செலரி’ என்றோ ‘செலரி விதை’ என்றோ பொருள் கிடைக்கும். கடையில் அஜமோதா என்று கேட்டால், “அயமோதகம்தானே?” என்று கூறிக் கடைக்காரர் ஒரு பொட்டலம் கட்டித் தருவார். அவர் சொன்ன சொல் வடமொழி அஜமோதாவிலிருந்து வந்ததே, அதில் ஐயமில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து பிரித்து முகர்ந்து பார்த்தால், அது நாம் பிறந்தநாள் முதல் அறிந்த ஓமம்! மலையாளத்தில் அயமோதகம் என்பது ஓமத்தின் பெயர். கடைக்காரர் ஏமாற்றவில்லை; அகராதியும் பொய் சொல்லவில்லை. ஒரு பெயர் ஊர்தோறும் வேறு வேறு செடியின்மேல் போய் அமர்ந்திருக்கிறது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நமக்கு இது வெறும் சொல் விளையாட்டாகத் தோன்றலாம். மருந்தாக உட்கொள்பவருக்கு அவ்வாறன்று. எனவே இப்பெயருக்குப் பின்னால் நிற்கும் செடிகளை ஒவ்வொன்றாகக் கண்டு வருவோம்.

முதலில் காட்டுச் செலரியையே எடுத்துக்கொள்வோம். தாவர நூலார் இதனை ஏபியம் கிராவியோலென்ஸ் என்பர். லின்னேயஸ் 1753இல் வைத்த பெயர் இது. இரண்டாம் சொல்லுக்குக் ‘கடுமணம் உடையது’ என்று பொருள். குடைக் கம்பிகளைப்போல் ஒரே புள்ளியிலிருந்து காம்புகள் பிரிந்து, அவற்றின் நுனியில் சிறு வெண்பூக்கள் பூக்கும் பெருங்குடும்பம் ஒன்று உண்டு. கொத்துமல்லி, சீரகம், சோம்பு, சதகுப்பை, ஓமம், காரட் யாவும் அதனைச் சேர்ந்தவை. பெருங்காயம் தரும் செடியும் அக்குடும்பத்ததே. அக்குடும்பத்துக்கு இன்று வழங்கும் ஏபியேசியே என்னும் பெயரே செலரியின் பெயரிலிருந்து பிறந்ததாகும். ஆகவே நம் அஞ்சறைப் பெட்டியின் பாதிக்குக் குலப்பெயர் தந்த செடி இது எனலாம்.

இது ஈராண்டுச் செடி. முதலாண்டு இலையையும் காம்பையும் விடும். அடுத்த ஆண்டு தண்டு நீண்டு பூத்துக் காய்த்து மடியும். ஐரோப்பாவிலும் மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளிலும், உப்பு நீர் கலந்த சதுப்பு நிலங்களில் தானாகவே வளர்கிறது. காட்டுச் செடியின் காம்பு மெல்லியது, உள்ளே துளையுடையது, கசப்பும் கடுமணமும் மிக்கது. காய்கறிக் கடையில் பச்சைத் தண்டாக இன்று விற்கப்படும் செலரிக்கும் இதற்கும் உள்ள உறவு, தோட்டத்து மாவுக்கும் காட்டு மாவுக்கும் உள்ள உறவைப் போன்றது. இச்செடியை மக்கள் மூன்று வழியில் பயிற்றி வளர்த்தனர். காம்பு தடித்துச் சாறு நிறைந்தது ஒன்று. வேர் பெருத்துக் கிழங்கானது மற்றொன்று. இலைக்காகவே வளர்ப்பது மூன்றாவது. சீனர் சமையலில் பயன்படும் மெல்லிய காம்புடைய செலரி இம்மூன்றாம் வகையைச் சார்ந்தது. காட்டு மூதாதைக்கு மிக நெருங்கியதும் அதுவே. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் தமிழ் முஸ்லிம்கள் விற்கும் ஆட்டுச் சூப்பின்மேல் தூவப்படும் இலை இதுதான்.

பண்டைக் காலத்தில் இச்செடி உணவாக இருந்ததைவிட அடையாளமாக இருந்ததே மிகுதி. எகிப்தில் 1922இல் கண்டறியப்பட்ட தூத்தன்காமன் கல்லறையின் மலர்மாலைகளில் இதன் இலைகள் இருந்தன. கிரேக்கர் இதனைச் செலினோன் என்றனர். சிசிலித் தீவில் செலினுஸ் என்னும் நகரம் இச்செடியின் பெயரையே தாங்கி, தன் நாணயங்களிலும் இதன் இலையைப் பொறித்தது. நெமியா விளையாட்டுகளில் வென்றவருக்கு இதனால் முடி சூட்டினர். இறந்தோர் கல்லறையிலும் இதனையே சூட்டினர். ஒரே இலை வெற்றிக்கும் சாவுக்கும் உரியதாக இருந்தமையால் நிகழ்ந்த செய்தி ஒன்றைப் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். கி.மு. நான்காம் நூற்றாண்டில் தைமோலியன் என்னும் தளபதி சிசிலியில் கார்த்தேஜியரை எதிர்த்துப் படை நடத்திச் சென்றபோது, செலினோன் சுமந்த கோவேறு கழுதைகள் எதிரே வந்தன. கல்லறைச் செடி எதிர்ப்பட்டதே என்று வீரர் கலங்கினர். தைமோலியனோ, “வெற்றி முடி நம்மைத் தேடி வருகிறது” என்னும் கருத்துப்படப் பேசி, அவ்விலையைத் தானே தலையில் சூடிக்கொண்டான். அவனுக்கு அன்று வெற்றியே கிடைத்தது. சகுனம் பார்ப்பதில் நமக்குக் கிரேக்கர் இளைத்தவர் அல்லர்!

தமிழில் இதற்குச் ‘சிவரிக்கீரை’ என்று பெயர் எழுதுகின்றனர். காதுக்கு இனிய சொல்தான். ஆனால் அது ஏட்டில் பிறந்த சொல். அப்பெயரைச் சொன்னால் உதகமண்டலத்துக் காய்கறி வணிகருக்கும் விளங்குமென்று தோன்றவில்லை. கடைத்தெருவில் செலரி என்றால்தான் கிடைக்கும். நாமும் அவ்வாறே வழங்குவோம்.

இந்தியாவில் செலரி விதைக்காகப் பயிராவது பெரும்பாலும் பஞ்சாபில். 1930ஆம் ஆண்டளவில் பிரான்சிலிருந்து விதை கொண்டுவரப்பட்டு, அமிர்தசரஸ், ஜலந்தர், குர்தாஸ்பூர் மாவட்டங்களில் இப்பயிர் வேரூன்றியது. குளிர் காலத்தில் வளர்ந்து, கோடை பிறக்கும்போது அறுவடையாகும். விதையும் அதிலிருந்து வடிக்கும் எண்ணெயும் வெளிநாடுகளுக்குச் செல்கின்றன. கொச்சியைத் தலைமை இடமாகக் கொண்டு 1987இல் அமைந்த நறுமணப் பொருள் வாரியத்தின் 52 பொருள் கொண்ட பட்டியலில் செலரியும் உண்டு, ஓமமும் உண்டு. தனித்தனிப் பொருள்களாகவே உண்டு. ஏற்றுமதிக் கணக்கு எழுதுவோர் இவ்விரண்டையும் கலப்பதில்லை. கலப்பது நம் வீட்டுப் பேச்சில்தான்.

இனி, அசமோதம் என்னும் பெயரைத் தாங்கும் ஏனைய செடிகள். வங்காளத்தில் குடியேறிய தமிழர், அங்குள்ள ‘ராந்துனி’ என்னும் விதையை அறிந்திருக்கக்கூடும். வங்காளிகளின் சுக்தோ என்னும் கசப்புக் கறிக்கு மணம் தருவது அது. ஐந்து விதை சேர்ந்த தாளிப்பிலும் சிலர் கடுகுக்கு மாற்றாக இதனைச் சேர்ப்பர். (அம்மொழியில் ராந்துனி என்றால் சமைப்பவள் என்றும் பொருள். சமையற்காரியின் பெயரையே ஒரு விதைக்குச் சூட்டிய மக்களின் நாவை நாம் மதிக்கத்தான் வேண்டும்.) இதனைத் தாவர நூலார் டிராக்கிஸ்பெர்மம் ராக்ஸ்பர்கியானம் என்பர். சென்னையில் மருத்துவராகப் பணி தொடங்கி, 1793இல் கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற வில்லியம் ராக்ஸ்பரோவின் நினைவாக அமைந்த பெயர் அது. சித்த மருந்துச் சரக்குகளுள் அசமதாகம் என்று வழங்குவதையும் வடநாட்டு அஜ்மோதையும் பல நூல்கள் இச்செடியோடு பொருத்துகின்றன. வேறு சில நூல்கள் செலரியோடு பொருத்துகின்றன.

மூன்றாவது செடியின் வரலாறு இன்னும் வியப்பானது. இந்திய அரசின் ஆயுர்வேத மருந்துத் தொகுதி, அஜமோதா என்பதற்கு ஏபியம் லெப்டோபில்லம் என்னும் செடியின் காயைக் குறிப்பிடுகிறது. இன்று தாவர நூலார் அதனைச் சைக்ளோஸ்பெர்மம் என்னும் இனத்தில் வைக்கின்றனர். இதன் இலை நூலிழை போல் பிளவுபட்டது, செடி மெலிந்தது, தோட்டங்களிலும் வயல்களிலும் களையாக முளைப்பது. ஆங்கிலத்தில் இதற்கும் காட்டுச் செலரி என்று ஒரு பெயர் உண்டு. இதன் பிறப்பிடம் தென் அமெரிக்கா! சரகர் காலத்திலும் வாக்படர் காலத்திலும் நம் நாட்டில் இருந்திராத செடி ஒன்று, அவர்கள் எழுதிய பெயரைப் பிற்காலத்தில் பெற்றுவிட்டது. மிளகாயும் மரவள்ளியும் அவ்வாறு வந்து நம்முடையனவாகவில்லையா என்று கேட்கலாம். அவை தமக்கெனப் புதுப் பெயர் பெற்றன. பழைய மருந்தொன்றின் பெயரை எடுத்துக்கொள்ளவில்லை. வேறுபாடு அங்குத்தான் உள்ளது.

இவ்வளவு குழப்பமும் ஆங்கிலேயர் வந்தபின் ஏற்பட்டது என்று கூறிவிட முடியாது. 16ஆம் நூற்றாண்டில் பாவமிசிரர் இயற்றிய பாவப்பிரகாசம், ஓமத்துக்கு யவானி என்னும் பெயரோடு அஜமோதிகா என்பதையும் ஒரு பெயராகத் தருகிறது. பசியைத் தூண்டுவது என்னும் பொருளுடைய தீப்யகம் என்னும் சொல் ஓமத்துக்கும் உண்டு, அஜமோதாவுக்கும் உண்டு. மலையாளத்தார் ஓமத்தை அயமோதகம் என்றது இதனை நோக்க வியப்பன்று. குஜராத்தியரும் அவ்வாறே செய்தனர். அவர்கள் ஓமத்தை அஜ்மோ என்பர், அஜமோதாவைப் போடி அஜ்மோ என்பர். மராட்டியில் ஓமம் ஓவா, தெலுங்கில் வாமு, கன்னடத்தில் ஓம, வங்காளத்தில் ஜோயான், இந்தியில் அஜ்வாயன். ஊர் மாறிச் செல்லும் தமிழர் இவற்றைக் குறித்து வைத்துக்கொள்வது நன்று.

ஓமத்துக்குப் பதில் அசமோதத்தையோ, அசமோதத்துக்குப் பதில் ஓமத்தையோ சமையலில் இட்டால் பெருந்தீங்கு ஒன்றும் விளையாது. சுவை மாறும், அவ்வளவே. ஆனால் ஓமம் என்னும் பெயரை ஒட்டிக்கொண்டு முற்றிலும் வேறு குலத்தைச் சேர்ந்த நச்சு விதை ஒன்றும் நாட்டு மருந்துக் கடைகளில் இருக்கிறது. அதுவே குரோசாணி ஓமம். வடநாட்டில் குராசானி அஜ்வாயன் என்பர்; வடமொழி நூல்களில் பாரசீக யவானி. குராசான் நாட்டு ஓமம் என்று பெயர் கூறினும், அது ஓமமே அன்று. ஊமத்தையும் கத்தரியும் சேர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது. ஊமத்தையில் உள்ளவற்றை ஒத்த நச்சுப் பொருள்களே அதிலும் உள்ளன. சித்த, யுனானி மருத்துவர்கள் அதனை முறைப்படி தூய்மை செய்து மிகச் சிறிய அளவில் ஆள்வர். அறியாதவர் ஒரு கரண்டி எடுத்து வென்னீரில் இட்டுக் குடித்தால் நா வறண்டு, கண்மணி விரிந்து, நெஞ்சு படபடத்து, அறிவு தடுமாறும். குழந்தைக்கு அது உயிருக்கே கேடாகலாம். ‘ஏதோ ஒரு ஓமம்’ என்று வாங்கலாகாது என்று நாம் வற்புறுத்துவது இதனாற்றான்.

இவ்விரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. ஓமத்தின் ஒவ்வொரு மணியிலும் நெடுக்காக வரிகள் ஓடும். சரியாகச் சொன்னால் அது விதையன்று. இரண்டாகப் பிளந்த காயின் ஒரு பாதி. அவ்வரிகளுக்கு இடையே எண்ணெய் நிறைந்த நுண்குழல்கள் உள்ளன. விரலால் கசக்கியவுடன் குழல் உடைந்து மணம் எழுகிறது. குரோசாணி ஓமத்தின் விதையோ வரியற்றது; சிறுநீரகம் போல் வளைந்தது; மேலே நுண்ணிய குழிகள் நிறைந்தது; கசக்கினால் ஓம மணம் வாராது. கண்ணை நம்பாதவர் மூக்கை நம்பலாம்.

மற்றவற்றையும் இவ்வாறே அறியலாம். செலரி விதை இவற்றுள் மிகச் சிறியது, ஒரு மில்லி மீட்டர் அல்லது அதற்குச் சற்று மிகுதியாக இருக்கும், பழுப்பு நிறம், வாயிலிட்டால் முதலில் மணமும் பின்னர்க் கசப்பும் தோன்றும். ஓமம் அதனினும் பெரிது. சாம்பல் கலந்த பழுப்பு. நாவில் சுரீரென்று உறைக்கும். ராந்துனி ஓமத்தை ஒத்த உருவமுடையது. மேலே சொரசொரப்பு மிகுதி. மணமோ ஓமத்தை விட்டுச் செலரிப் பக்கம் சாயும்.

உறைப்பு வேறு, கசப்பு வேறு என்பதற்குக் காரணம் அவற்றின் எண்ணெயில் இருக்கிறது. ஓம எண்ணெயில் பெரும்பங்கு தைமால் என்னும் பொருள். கிருமிகளை அழிக்கும் ஆற்றலுடையது அது. முதல் உலகப் போருக்கு முன்பு, அதாவது 1914க்கு முன்பு, ஜெர்மானியர் இந்திய ஓமத்தைக் கப்பல் கப்பலாக வாங்கிச் சென்று அதிலிருந்தே தைமாலைப் பிரித்தெடுத்தனர். கொக்கிப் புழுவை ஒழிக்க அக்காலத்து மருத்துவர் கொடுத்த மருந்து அதுவே. நாட்டு மருந்துக் கடையில் ஓம உப்பு என்று பளிங்கு போல் விற்பதும், வடநாட்டார் ‘ஓமப்பூ’ என்னும் பொருளில் அஜ்வாயன் கா பூல் என்பதும் தைமால்தான். செலரி எண்ணெயில் தைமால் முதன்மைப் பொருள் அன்று. எலுமிச்சைத் தோலிலும் உள்ள லிமோனீன் அதில் மிகுதி. செலரிக்கே உரிய மணத்தைத் தருவன தாலைடு எனப்படும் பொருள்கள். ஆகவே ஒன்று செய்யும் வேலையை மற்றொன்று செய்யும் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது. வயிற்றுப் பொருமலுக்கு ஓமம் கேட்டவர் செலரி விதையைப் பெற்றால், பெயரளவில் மருந்து கிடைத்ததாகுமேயன்றி வேறில்லை.

கேரள வைத்தியர்கள் அஷ்டசூர்ணம் என்றும், வடநாட்டார் இங்குவாஷ்டகம் என்றும் கூறும் பொடி இதற்கு நல்ல சான்று. சுக்கு, மிளகு, திப்பிலி, அஜமோதா, இந்துப்பு, சீரகம், கருஞ்சீரகம், பெருங்காயம் என்னும் எட்டும் சேர்ந்தது அது. முதற்பிடிச் சோற்றில் நெய்யோடு பிசைந்து உண்ணும்படி நூல் கூறும். நூலில் அஜமோதா என்றிருப்பதை மலையாளத்தில் அயமோதகம் என்று எழுதிக் கடைக்கு அனுப்பினால் ஓமம் வரும். அதே குறிப்பை டில்லியில் அஜ்மோத் என்று எழுதினால் வேறு விதை வரும். இரண்டு பொடியும் பசியைத் தூண்டலாம். ஆயினும் இரண்டும் ஒரே மருந்து என்று கூற இயலாது. வீட்டிலே இடித்துக்கொள்பவர், மருந்து எழுதிக் கொடுத்த வைத்தியரிடமே எந்த விதை என்று கேட்டுத் தெளிவதே முறை. திருவனந்தபுரத்தில் 1889ஆம் ஆண்டு முதல் ஆயுர்வேதப் பாடசாலை நடந்து, இன்று அரசுக் கல்லூரியாகத் திகழ்கிறது. கேட்பதற்கு ஆள் இல்லாத ஊர் அன்று இது.

செலரியின் மருத்துவப் பயனைப் பற்றியும் கூறவேண்டும். ஐரோப்பிய நாட்டு வைத்தியத்தில் இதன் விதையை மூட்டு வலிக்கும், நீர் பிரிவதற்கும் கொடுத்து வந்தனர். இரத்த அழுத்தத்தைத் தணிக்குமென்று இக்காலத்தில் சிறு அளவில் சோதனைகள் நடந்துள்ளன. ஆயினும் வழக்கமான மாத்திரையை நிறுத்திவிட்டுச் செலரிச் சாறு குடிக்கலாம் என்று கூறும் அளவுக்குச் சான்று இல்லை. செலரி எண்ணெயில் உள்ள பியூட்டைல் தாலைடு என்னும் பொருளைச் செயற்கையாகச் செய்து, மூளையில் இரத்த அடைப்பு ஏற்பட்டோர்க்குரிய மருந்தாகச் சீன அரசு 2002இல் ஏற்றது. அது ஆய்வுக்கூடத்தில் அளந்து செய்த மருந்து. சூப்பில் மிதக்கும் தண்டினால் அப்பயன் கிட்டும் என்று கொள்ளலாகாது.

கருவுற்ற பெண்கள் செலரி விதையை மருந்தளவில் உண்ணக்கூடாது என்று மருத்துவர் எச்சரிக்கின்றனர். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போரும் மருத்துவரைக் கேட்டே உண்ணவேண்டும். இன்னொன்று: செலரி சிலருக்கு ஒவ்வாது, தடிப்பும் மூச்சுத் திணறலும் உண்டாக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் உணவுப் பொட்டலங்களின்மேல் கட்டாயமாகக் குறிக்கவேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களுள் இதுவும் ஒன்று. செலரி அறுப்போரின் கைகளில் வெயில் பட்டவுடன் கொப்புளம் எழுவதும் உண்டு. அதற்குக் காரணமான சோரலென் என்னும் பொருளே நம் கார்போகரிசியிலும் இருக்கிறது. மலையாளத்தில் அதற்குக் கார்கோகில் என்று பெயர். வெண்குட்டத்துக்கு நம் வைத்தியர் அதனைப் பூசி வெயிலில் இருக்கச் செய்வதன் பொருள் இதனால் விளங்கும்.

காட்டிலே சென்று செலரி பறிக்கும் வழக்கம் நம்மிடம் இல்லாதது ஒருவகையில் நல்லதே. கி.மு. 399இல் சாக்ரடீசுக்குக் கொடுக்கப்பட்ட ஹெம்லாக் நஞ்சும் இதே குடைப்பூக் குடும்பத்துச் செடி. குளிர் நாடுகளில் செலரி என்றும் பார்ஸ்லி என்றும் எண்ணி அதனைத் தின்று மாண்டவர் உண்டு. காஷ்மீரத்திலோ இமயமலைச் சாரலிலோ பணி காரணமாகத் தங்கும் தமிழர், ஓடைக்கரையில் வெண்குடைப் பூவோடு நிற்கும் செடியைக் கண்டு கொத்துமல்லி என்று கிள்ளிவிட வேண்டா.

திருவனந்தபுரத்தின் சுற்றுப்புறத்தில் காட்டுச் செலரி தானாக வளர்வதில்லை. ஆனால் அதன் உறவினர் ஒருவர் ஈரமான வரப்புகளிலும் கிணற்றடியிலும் நெருங்கிப் படர்ந்திருக்கிறார். அவர் வல்லாரை! குடைப்பூக் குடும்பம் என்று பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது. பூ சிறுத்து இலைக்கடியில் ஒளிந்திருக்கும். மலையாளத்தில் குடங்ஙல் என்றும் முத்திள் என்றும் வழங்குவர். வான் ரீடு என்னும் டச்சு ஆளுநர், இட்டி அச்சுதன் முதலிய மலையாள வைத்தியரின் துணையோடு தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளியிட்ட ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ் நூலில் வல்லாரையும் இடம்பெற்றுள்ளது. அந்நூலைப் பேராசிரியர் கே. எஸ். மணிலால் மொழிபெயர்க்க, கேரளப் பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் 2003இலும் மலையாளத்தில் 2008இலும் வெளியிட்டது. முந்நூறு ஆண்டுக்குப்பின் ஒரு நூல் தான் பிறந்த மண்ணின் மொழிக்குத் திரும்பி வந்தது மொழிபெயர்ப்பாளர் அனைவரும் மகிழத்தக்க செய்தி. வல்லாரையிலும் பெயர்ச் சிக்கல் உண்டு: வடநாட்டில் பல இடங்களில் பிராமி என்று விற்பது வல்லாரையே, கேரளத்தில் பிரம்மி என்றால் அது நீர்ப்பிரமி, வேறு செடி.

சமையலுக்கு வருவோம். ஓமத்தைப் பற்றி நம் தாய்மார்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவது ஒன்றுமில்லை. ஓமப்பொடியும், தீபாவளி இலேகியமும், மழைக்காலத்து ஓமக் குழம்பும் அவர்கள் கைவசம் இருப்பன. வேற்றூரில் ஓமவல்லி கிடைக்கவில்லை என்று வருந்துவோர், டில்லித் தோட்டக்காரரிடம் அஜ்வாயன் இலை என்றும், திருவனந்தபுரத்தில் பனிக்கூர்க்க என்றும் கேட்கலாம். அதுவும் ஓமத்தின் இனமன்று, துளசியின் உறவே. ஆயினும் பஜ்ஜிக்கு அது போதும்.

செலரித் தண்டை நம் சமையலில் அப்படியே நுழைப்பது அரிது. பிரெஞ்சுக்காரர் வெங்காயம், காரட், செலரி மூன்றையும் பொடியாக நறுக்கி வெண்ணெயில் வதக்கித் தொடங்குவர்; நாம் கடுகு தாளித்துத் தொடங்குவது போல. பருப்பு இரசத்தின் இறுதியில் கொத்துமல்லிக்குப் பதிலாகச் செலரி இலை இரண்டைக் கிள்ளிப் போட்டுப் பார்க்கலாம். ஆட்டெலும்புச் சாற்றுக்கு அது மிகவும் பொருந்தும். விதையை ஊறுகாயிலும் தக்காளிச் சாற்றிலும் சிறிதளவு சேர்க்கலாம். கசப்பு ஏறாதிருக்கச் சிட்டிகைக்கு மேல் இடலாகாது. புளி சேர்ந்த குழம்பில் செலரி சோபிப்பதில்லை என்பது நம் கருத்து. மாற்றுக் கருத்துடைய அன்பர்கள் இருக்கலாம்.

வீட்டில் வளர்க்க விரும்புவோர் இலைச் செலரியையே தேர்ந்துகொள்க. பஞ்சாப், டில்லி, உத்தரப் பிரதேசம் ஆகிய இடங்களில் புரட்டாசி, ஐப்பசியில் விதைக்கலாம். திருவனந்தபுரத்துப் புழுக்கத்தில் தடித்த தண்டு கிடைக்காது. பாதி நிழலில், நீர் குறையாத தொட்டியில் வைத்தால் இலை கிடைக்கும். விதைக்காக விற்கும் பொட்டலத்தைச் சமையலுக்கு எடுத்தல் ஆகாது. அவ்விதையின்மேல் பூஞ்சணக் கொல்லி தடவியிருப்பதுண்டு. விதையை ஈர மண்ணின்மேல் தூவி இலேசாக அழுத்தினால் போதும். மண் போட்டு மூடவேண்டா, ஒளி பட்டால்தான் நன்கு முளைக்கும். முளை தோன்ற இரண்டு முதல் மூன்று வாரம் ஆகும். அதற்குள் விதை கெட்டுவிட்டதென்று தொட்டியைக் கவிழ்த்துவிடாமல், நாள்தோறும் நீர் தெளித்து வரவேண்டும்.